7 கிலோ கைப்பையும் அம்மாவின் சேலைகளும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆடி மாதத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது நாள் தமிழ்நாடு போகிறாராம். சென்னையில் இறங்கி, சிதம்பரம், சீர்காழி, தஞ்சாவூர், திருச்சி பார்த்துவிட்டு மறுபடி சென்னை வந்து திரும்புவது. மலிவாகக் கிடைத்த டிக்கெட் என்பதால் ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்தான். "அம்மா சேலைதான் கட்டுவா. சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் நிற்கிறோம், வெறுங்கையோடு போக ஏலாது. 7 கிலோவுக்குள் இது சரிவருமா, இல்லாவிட்டால் காசைக் கட்டி லக்கேஜ் எடுக்கவா?" என்பது கேள்வி.

சரிவரும் தங்கச்சி. போகும்போது லக்கேஜுக்குக் காசு கட்டவே தேவையில்லை. திரும்பி வருவது வேறு கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் திருமலைதான், அதாவது திருகோணமலை. பன்னிரண்டு வருடமாகச் சென்னைக்குப் போய்வருகிறேன். முதலில் அம்மாவின் கண் சிகிச்சைக்காக, அப்புறம் மகளின் படிப்புக்காக. முதல் பயணத்தில் பெரிய பெட்டி ஒன்று, கைப்பை இரண்டு, அம்மாவின் மருந்துப் பை ஒன்று. கடைசி ஆறேழு பயணமும் ஒரே ஒரு முதுகுப்பை. இடையில் என்ன மாறியது என்று கணக்குப் பார்த்தால், உடுப்பு அவ்வளவு குறையவில்லை. மற்றவர்களுக்காக நான் தூக்கிக்கொண்டு போன சாமான்தான் குறைந்திருக்கிறது. கைப்பையோடு மட்டும் போவது பற்றிச் சொல்பவர்கள் சேர்ட்டை எப்படிச் சுருட்டுவது என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். நம்முடைய சனத்துக்கு அது பிறகு. நம் பையைக் கனக்கச் செய்வது பலகாரமும் பார்சலும். அதனால் அதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று. கைப்பையோடு போவதன் சுகம் நமக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, திருமலை பஸ் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் பெரிய பெட்டியை வைக்க இடம் ஏது? எஞ்சின் பக்கத்தில் வைத்தால் கந்தளாயில் ஒருவர், ஹபரணையில் ஒருவர் என்று ஏறி இறங்கும்போதெல்லாம் எழும்பிப் போய் நகர்த்த வேண்டும். கண் மூட முடியாது. ரயிலில் போனாலும் கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கி, புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால் பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலைய பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அப்படித்தான். எழும்பூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி எல்லாம் ஒரே ரயில் பாதையில் வரிசையாக வருகின்றன. நீங்கள் போகும் வழி அதுதான். சின்ன நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்காது, ரயில் பெட்டியின் படிகளும் உயரம். அம்மாவை ஒரு கையால் பிடித்து இறக்க வேண்டும் என்றால், மற்றக் கையில் எதுவுமே இருக்கக்கூடாது. ஆகவே உங்களுக்கு முதுகில் போடும் பைதான்.

பை வாங்கும்போது அதன் வெறும் எடையைக் கேளுங்கள். சில்லு வைத்த சின்னப் பெட்டிகள் பார்க்க அழகு, ஆனால் பல வெறுமையாகவே 2½ கிலோவிலிருந்து 3 கிலோ வரை வரும். 7 கிலோவில் 3 கிலோவைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டால் மிச்சம் 4 கிலோதான். நல்ல துணி முதுகுப்பை 800 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே இரண்டு கிலோ கையில் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் உடுப்பில் மிச்சம் பிடிப்பதெல்லாம் சில்லறைதான். அளவு பொதுவாக 55 × 35 × 25 சென்ரிமீற்றர், மூன்றையும் கூட்டினால் 115. ஆனால் கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும், உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சில்லும் பிடியும் அந்த அளவுக்குள் அடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்மாவுக்கும் சின்ன முதுகுப்பைதானா என்று யோசிப்பீர்கள். முழங்கால் நோ இருப்பவருக்குச் சில்லு வைத்தது நல்லது என்று கடைக்காரர் சொல்வார். சமதரையில் சரி. படியில் அதே சில்லுப் பெட்டியைத் தூக்கத்தான் வேண்டும், தூக்கப்போவது நீங்கள். என் அம்மாவுக்கு நான் செய்தது: அவர் பையை 4 கிலோவுக்குள் நிறுத்தினேன், என் பையை 7 வரை நிரப்பினேன்.

எடையை எப்படிப் பார்ப்பது? பயணப் பை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு கடைகளில் இருக்கிறது. என்னிடம் அது இல்லாத காலத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற ஐயாவிடம்தான் கேட்டேன். அவரிடம் கொக்கியில் மாட்டித் தூக்கும் வில் தராசு ஒன்று இருந்தது. கொக்கியைத் துணியால் துடைத்துவிட்டுப் பையின் பிடியை மாட்டித் தூக்கினார். முள் 9ஐத் தொடப் போய் 8.8இல் ஆடி ஆடி நின்றது. நான் வாசல் படியிலேயே பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், அவர் ஒவ்வொரு தடவையும் தூக்கிக் காட்டினார். ஜீன்ஸ் ஒன்றை எடுத்தேன், 8.1. பெரிய குளியல் துவாயை எடுத்தேன், 7.5. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த இரண்டாவது சோடிச் செருப்பை எடுத்தேன், 7. மகளுக்குக் காட்டக் கொண்டு போன பழைய படத் தொகுப்பை எடுத்தேன், முள் 6.6க்கு வந்தது. படங்களைப் போனில் பிடித்துக்கொண்டேன். அந்தப் படியில் நின்ற பத்து நிமிடத்தில், எந்தப் பொருள் எவ்வளவு கனம் என்று என் கைக்கு விளங்கிவிட்டது. நீங்களும் பையை மொத்தமாக நிறுக்காமல் இப்படி ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து நிறுத்துப் பாருங்கள். மீன் தராசு நூறு கிராம் இப்படி அப்படித்தான் காட்டும், அதனால் அரைக் கிலோ இடைவெளி விட்டு 6.5இல் நிறுத்துவது புத்தி.

இனி சேலை. காஞ்சிபுரம் பட்டு, சரிகையோடு, 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை போகும். தடித்த நூல் சேலை 500, 600 கிராம். தோய்த்தால் ஒரு இரவில் காயாது. ஜோர்ஜெட், மெல்லிய வொயில், பொலியெஸ்டர் கலந்த நூல் என்பன 350, 400 கிராமுக்குள் நின்றுவிடும், மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். அம்மாவிடம் மூன்று சேலை போதும் என்று சொல்லுங்கள். ஒன்று உடம்பில், இரண்டு பையில். ஒன்பது நாளுக்கு மூன்று சேலையா என்று கட்டாயம் கேட்பார். சிதம்பரத்தில் பார்த்தவர் தஞ்சாவூரில் வரப்போவதில்லை என்று விளக்கினால் விளங்கிக்கொள்வார்.

சேலைகளை அழகு பார்த்துத் தெரிவதைவிட உள்பாவாடையைப் பார்த்துத் தெரிவதுதான் இதில் சூட்சுமம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு நிறப் பாவாடை, ஒரு நிறச் சட்டை என்று போனால் மூன்று சேலைக்கு மூன்று செட் வந்துவிடும். மெரூன், கடும்பச்சை, நாவல் நிறம் மாதிரிக் கடும் நிறச் சேலைகள் மூன்றை எடுங்கள். மெரூன் பாவாடை எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். கறுப்புச் சட்டை ஒன்று, பொன்னிறச் சட்டை ஒன்று இருந்தால் மூன்று சேலைக்கும் மாற்றி மாற்றிப் போடலாம். கோயிலுக்குப் பட்டு வேண்டும் என்று அம்மா நினைத்தால், மனத்தை நோகடிக்க வேண்டாம். சரிகை குறைந்த மெல்லிய பட்டு ஒன்றை அந்த மூன்றில் ஒன்றாக்குங்கள். கோணேசரைப் பாடிய சம்பந்தர் பிறந்த சீர்காழிக்குப் போகிறார், கோணேசர் மலையில் கும்பிட்டு வளர்ந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பட்டைத் தோய்க்க வேண்டாம், இரண்டு கோயிலுக்குக் கட்டி, நிழலில் காற்றாட விட்டு மடித்து வைத்தால் போதும்.

அம்மாவின் பைக் கணக்கைச் சொல்கிறேன். வெறும் பை 900 கிராம். சேலை இரண்டு 800. சட்டை இரண்டு 200. பாவாடை இரண்டு 400. நைட்டி 250. உள்ளாடைகள் 250. மெல்லிய துவாய் 150. மருந்து 300. சவர்க்காரம், பற்பசை, சீப்பு, எண்ணெய் எல்லாம் 400. விபூதி, செபமாலை, மூக்குக்கண்ணாடிக் கூடு 200. கூட்டினால் 3 கிலோ 850 கிராம். ஒரு கிலோ பலகாரம் வைத்தாலும் 5 கிலோ வராது. எங்கேயும் கஞ்சத்தனம் பண்ணாமலே இவ்வளவுதான் வருகிறது.

உங்களுக்கு மூன்று பஞ்சாபி உடுப்பு, அதாவது போட்டிருப்பதோடு சேர்த்து. கால்சட்டை இரண்டு போதும், மேல்சட்டைதான் மூன்று. ஒரு பெரிய நூல் சால்வை எடுங்கள்: கோயிலில் சால்வை, விமானத்தில் போர்வை, லொட்ஜ் தலையணையில் விரிப்பு. ஆண்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களை ஒரு சாரம், அதாவது லுங்கி, எடுக்கச் சொல்வேன். 300 கிராமுக்குள் வரும் சாரம் ஒன்று இரவு உடுப்பு, குளிக்கும் உடுப்பு, துவாய், ரயிலில் போர்வை, எல்லாமாக வேலை செய்யும். எங்கள் வீட்டுப் பெண்கள்கூடப் பயணத்தில் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். முடிச்சுப் போட்டால் மூட்டையாகவும் ஆகும்.

கனமான செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள், பையில் இன்னொரு சோடி வேண்டாம். கோயிலுக்குக் கோயில் கழற்றப் போகிறீர்கள், நாடா கட்டும் சப்பாத்தும் வேண்டாம்.

தோய்ப்பது பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுத் திட்டமும் அதில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டு லொட்ஜ்களில் குளியலறையில் ஒரு வாளியும் கோப்பையும் அநேகமாக இருக்கும், அது பெரிய உதவி. சன்லைட் கட்டியில் கால்வாசி வெட்டிச் சின்னப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிச் சவர்க்காரம் திரவக் கணக்கில் வராது. அறைக்குப் போனதும் முதல் வேலை, சாப்பாட்டுக்கும் முன்னால், அன்று கட்டியதைத் தோய்ப்பது. இரவு பத்து மணிக்குத் தோய்த்தால் காலையில் ஈரம் இருக்கும். மாலை ஆறரைக்குத் தோய்த்தால் இருக்காது. வெறும் கையால் பிழிந்தால் போதாது. துவாயைக் கட்டிலில் விரித்து, பிழிந்த சட்டையை அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் மாதிரிச் சுருட்டி, ஒருவர் ஒரு முனையும் மற்றவர் மறுமுனையுமாகப் பிடித்து முறுக்குங்கள். துவாய் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், சட்டை பாதி காய்ந்த மாதிரி வெளியே வரும். அப்புறம் மின்விசிறிக்குக் கீழே, சுவரில் ஒட்டாமல், விரித்துக் காயப்போடுங்கள். இரண்டு மீற்றர் நைலோன் கயிறு பையில் இருக்கட்டும். இங்கே கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கொடியில் போட்ட துணி ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், அந்த நினைப்பில் லொட்ஜில் போய் ஏமாற வேண்டாம். குளியலறைக்குள் காயப்போட்டால் மறுநாளும் ஈரம்தான், மணமும் பிடித்துவிடும்.

இனிப் பார்சல் கதை.

நாங்கள் பயணம் போகிறோம் என்று ஒருவரிடம் சொன்னால் போதும், அன்று மாலையே வீட்டு வாசலில் நாலு பேர். "சின்னப் பார்சல்தான் பிள்ளை, கனமே இல்லை." அந்தச் சின்னப் பார்சல் முக்கால் கிலோ இருக்கும். அதில் அன்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். பிள்ளைகளும் சகோதரங்களும் கடலுக்கு அப்பால் இருக்கிற ஊர் இது. யாராவது போனால் கையில் கொடுத்து அனுப்புவதுதான் பல வருடமாக எங்களுக்குத் தபால். அதனால்தான் முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் போகிறது. நானும் வருடக்கணக்கில் மறுக்கவில்லை.

ஒரு தடவை தெரிந்த குடும்பம் ஒன்று கொடுத்த பொதியை, ஐந்தாறு ஷொப்பிங் பையால் சுற்றிக் கட்டியிருந்ததை, பிரிக்காமலே வைத்துக்கொண்டேன். சோதனையில் பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். "உள்ளே என்ன?" என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒவ்வொரு பையாகப் பிரிக்கப் பிரிக்கக் கருவாட்டு மணம் வந்தது, கடைசிப் பைக்குள் கருவாட்டோடு ஒரு சின்னக் கறிக்கத்தியும் இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் வைத்ததுதான். கத்தியை எடுத்துவிட்டு என்னை விட்டுவிட்டார்கள், அம்மா பக்கத்தில் நின்று நடுங்கினார். என் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் ஒரு அதிகாரியின் முன்னால் நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு, பிரித்துப் பார்க்காத எதையும் நான் கொண்டு போவதில்லை. விமான நிலையத்தில் "பையை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது ஏதாவது தந்தார்களா" என்று கேட்பது சும்மா இல்லை. போதைப்பொருளோ தங்கமோ உள்ளே இருந்தால் மாட்டப்போவது தூக்கிக்கொண்டு போகிறவர்தான்.

மறுக்கும் விதம் இருக்கிறது. 'ஏலாது' என்று தொடங்க வேண்டாம். "அக்கா, டிக்கெட்டில் 7 கிலோதான் விட்டிருக்கு, அம்மாவின் மருந்தோடே பை நிறைஞ்சிட்டுது. பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, அங்கே வாங்கிக் குடுக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அது திருப்தி. இன்னும் சிலருக்குப் பொருளைவிட, ஊரிலிருந்து ஒருவர் போய் அவர்கள் பிள்ளையைப் பார்த்து வருவதுதான் வேண்டியிருக்கும். போய்ப் பாருங்கள், ஒரு வீடியோ கோல் போட்டுக் கொடுங்கள். அதற்கு எடை இல்லை. அப்புறம், பயணத் திகதியைப் புறப்படும் வாரம் வரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதிலும் தப்பில்லை.

நீங்கள் நிற்கப்போகிற வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியதை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். அது மரியாதை. ஆனால் மற்றதெல்லாம் அடுக்கிய பிறகு மிச்ச இடத்தில் திணிக்காமல், ஒரு கிலோ என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அந்த ஒரு கிலோவுக்குள் எது நிறைவாக இருக்கும் என்று யோசித்தால், சென்னைக்காரருக்கு முறுக்கும் மிக்ஸரும் தேவையில்லை, அவர்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. இங்கத்தைய நல்ல தேயிலை 400 கிராம், கறுவாப்பட்டை 100 கிராம், மிச்சத்துக்குக் கஜுவோ பயற்றம் பணியாரமோ. கறுவா என்றால் நம் நாட்டுக் கறுவாதான் கறுவா. அங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மூடியைத் திறந்ததும் தெரியும். தயிரை மட்டும் நினைக்கவே வேண்டாம். முட்டித் தயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயிர், நெய், ஊறுகாய், தேன், பாணி எல்லாம் சோதனையில் திரவம்தான்.

திரவத்துக்கு விதி இது: ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், எல்லாவற்றையும் ஒரு லீற்றர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள், ஆளுக்கு ஒரு பை. 2006இல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு. சில விமான நிலையங்களில் புது இயந்திரங்கள் வந்து தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 200 மில்லி எண்ணெய்ப் போத்தலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. பற்பசை, கிறீம், சித்தாலேப மாதிரித் தைலம் எல்லாம் இந்தக் கணக்குத்தான், சின்ன டின்னாக வாங்குங்கள். அம்மாவுக்குத் திரவ மருந்து இருந்தால் டொக்டரின் சீட்டோடு காட்டினால் 100க்கு மேலும் விடுவார்கள். இன்சுலின் ஊசி போடுபவர் என்றால் அது எப்போதும் கையோடு. சரக்குப் பகுதிக்குப் போனால் உறைந்து கெட்டுவிடலாம்.

கோயில் சாமான் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் ஊர் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அதில்தான். பயணத்துக்கு முதல் நாள் கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்வீர்கள். கையில் வரும் தட்டில் தேங்காய்ப் பாதி, விபூதி, பூ. வீட்டில் அம்மா கற்பூரமும் தீப்பெட்டியும் சேர்த்துப் பையின் பக்கத்தில் செருகுவார், போகிற கோயிலில் கொளுத்த. தீப்பெட்டியும் கற்பூரமும் தீப்பற்றும் பொருள், விட மாட்டார்கள். தேங்காய்தான் பலருக்கு ஆச்சரியம். காய்ந்த தேங்காய், அதாவது கொப்பரை, எண்ணெய் நிறைந்தது; அடைபட்ட இடத்தில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இந்திய விமான நிலையங்களில் தேங்காய் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஆகவே தேங்காயை வீட்டில் கறிக்கு எடுத்துவிடுங்கள், விபூதியைச் சின்னப் பொட்டலமாக வையுங்கள். கற்பூரம் சிதம்பரம் வாசலிலேயே வாங்கலாம். திரும்பும்போது அங்கத்தைய தேங்காய்க்கும் இதே விதிதான்.

மின்சாரச் சாமான் விரைவாக. பவர் பாங்க் கைப்பையில் மட்டும்தான் போகலாம். 100 வாட்மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 74 வாட்மணிதான், பயமில்லை. எழுத்து அழிந்து அளவு தெரியாத பவர் பாங்கைக் கொண்டு போக வேண்டாம். நம் வீடுகளில் இப்போது வரும் மூன்று சதுரக் கால் பிளக் இந்தியாவின் வட்டத் துளைக்குள் போகாது. ஒரு சின்ன அடாப்டர் எடுங்கள். இருவருக்கும் ஒரு சார்ஜர் போதும்.

பாஸ்போர்ட், இந்திய விசாவின் அச்சுப் பிரதி, காசு, மருந்து, போன், பவர் பாங்க், மூக்குக்கண்ணாடி, இவற்றை மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு முதுகுப்பையின் மேலேயே வையுங்கள். காரணம் இருக்கிறது. விமானத்தில் இருக்கைக்கு மேலே பை வைக்கும் மேல்தட்டு நிறைந்துவிட்டால் வாசலில் வைத்து உங்கள் பையை வாங்கிச் சரக்குப் பகுதியில் போடுவார்கள். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிற மாதிரியான சின்ன ஏடிஆர் விமானங்களில் மேல்தட்டே சிறிது, அங்கே இது சாதாரணம். அந்த நேரத்தில் பையைத் தரையில் கொட்டித் தேடாமல், துணிப்பையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம்.

இனித் திரும்பி வருவது. தியாகராய நகருக்குப் போய் அம்மா வெறுங்கையோடு வருவார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. சேலை ஒன்று அரைக் கிலோ என்று வைத்தால், ஆறு சேலை 3 கிலோ. தங்கைக்கு, மருமகளுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று ஆறு சேலை மிக விரைவில் வந்துவிடும். நான் செய்வது, திரும்பும் பயணத்துக்கு மட்டும், இருவரில் ஒருவரின் பெயரில், லக்கேஜ் வாங்குவது. அதையும் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். கவுன்டரில் போய்க் கிலோக் கணக்கில் கட்டினால் பெரும்பாலும் அதைவிடக் கூடத்தான் வரும். அதற்கு மடித்தால் கைக்குள் அடங்கும் துணிப்பை ஒன்று, சிப் வைத்தது, போகும்போதே அடியில் போட்டுக்கொள்ளுங்கள், நூறு நூற்றைம்பது கிராம்தான். திரும்பும்போது பழைய உடுப்பை அதில் போட்டுக் கொடுத்துவிட்டு, புதுச் சேலைகளை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். சென்னையில் ஏறும்போது ஆளுக்கு ஒரு கைப்பை என்பதைப் பொதுவாகக் கறாராகப் பார்க்கிறார்கள். கடைப் பை இரண்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலை ஆறரைக்கு, அம்மா கொண்டு போக நினைக்கிற சேலைகளில் ஒன்றை அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தோய்த்து, துவாயில் சுருட்டி இருவருமாக முறுக்கி, முற்றத்துக் கொடியில் போடாமல் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழும்பி முந்தானை ஓரத்தையும், சேலையின் கீழ்க்கரையில் போல்ஸ் தைத்த இடத்தையும் அம்மாவே தொட்டுப் பார்க்கட்டும். காய்ந்திருந்தால் அது பைக்குள். ஈரம் இருந்தால் அலுமாரிக்குள், நாளை மாலை அடுத்த சேலை.